ஒன்பது எந்திரங்கள் விதைத்த நிலம்

டராபூல் பக்கத்தில் எவனாவது சாய்ந்துவிட்டால் முதல் போன் ஆம்புலன்ஸுக்குப் போகும், இரண்டாவது போன் நெவில் நோஸ்கிக்குப் போகும். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் நெவ் பாதி ஊரோடு பேசி முடித்திருப்பார். யாருக்கு எவ்வளவு அறுவடை பாக்கி, யாருடைய எந்திரம் ஓடுகிற நிலையில் இருக்கிறது, எந்த வீட்டிலிருந்து கேக் வரும், எந்த வீட்டுக் கேக்கை நாய்கூடத் தின்னாது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. மறுநாள் விடியும்போது அந்த வீட்டு வாசலில் எந்திரங்கள் வரிசைகட்டி நிற்கும். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும். கூலி என்று யாராவது வாயைத் திறந்தால் அவன் அதற்குப் பிறகு ஊர்ப் பப்பில் தலைகாட்ட முடியாது.

நெவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தொப்பை, சிவந்த கழுத்து, இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பானர். கொஞ்சம் சொந்த நிலமும் உண்டு, ஆனால் பிழைப்பு வேறு. டிராக்டர்களைத் தானாக ஓட வைக்கும் கருவியைப் பொருத்துவதுதான் அவர் தொழில். அதை மாட்டிவிட்டால் டிராக்டர் செயற்கைக்கோள் காட்டும் வழியில் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவன் திருப்பத்தில் மட்டும் கைவைத்தால் போதும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விதைப்புக் காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அப்படி ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் போனைப் பிடித்தன. சிக்னல் கிடைக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு டிராக்டர் உச்சியில் ஆன்டெனா வைத்துக் கொடுத்ததும் நெவ்தான்.

அவருக்கு வாய் ஓயாது. மழை, கோதுமை விலை, சனிக்கிழமை கால்பந்து, பக்கத்து ஊர்க்காரர்களின் கஞ்சத்தனம் என்று நாள் முழுக்கப் பேசுவார். மனசு என்கிற திசைக்கு மட்டும் அந்த வாய் போகாது. அவருடைய அப்பா இறந்த அன்று அவரும் அண்ணனும் தண்ணீர் பம்பைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, மறுபடி மாட்டினார்கள். பம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் வளர்ந்த விதம் அப்படி.

வேலிக்கு அந்தப் பக்கம் டார்சி பிளங்கெட்டின் நிலம். நாற்பதை நெருங்கும் வயது, நெட்டையான ஆள், மிட்ஜ் என்று ஒரு கறுப்பு நாய். போன குளிர்காலத்தில் அவன் மனைவி சிமோன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பெண்டிகோ நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை, சலித்துப் போய்விட்டாள். ஊர் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை அவனுக்குக் கொடுத்தது. கேலி செய்தது.

"என்னடா டார்சி, சமையல் கத்துக்கிட்டியா, இல்ல மிட்ஜ் தட்டுலயே பங்கு போட்டுக்கிறியா?" என்று நெவ் பப்பில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நான் பண்றதை மிட்ஜ் திங்க மாட்டேங்குது நெவ். அதுக்கு உன் பொண்டாட்டி சமையல்தான் வேணுமாம்" என்றான் டார்சி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கிறவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று நெவ் நினைத்துக்கொண்டார்.

மார்ச் மாதக் கடைசியில் டார்சி கூப்பிட்டான். தன் டிராக்டருக்கும் ஆன்டெனா வேண்டுமாம். மகள்களோடு பேச ஆசைப்படுகிறான் என்று நெவுக்குச் சந்தோஷம். உச்சியில் ஏறி மாட்டி, வயரை இழுத்து, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"போனைக் குடு, சிக்னல் ஏறுதான்னு பாக்கணும்."

டார்சி பாக்கெட்டிலிருந்து எடுத்தான், எதையோ தொட்டான், கொடுத்தான். "நான் போய் மிட்ஜுக்குத் தண்ணி வெச்சுட்டு வரேன்" என்று இறங்கிப் போனான்.

திரையில் பலர் கூடி எழுதும் ஒரு இணையப் பக்கம் திறந்திருந்தது. நெவ் படிக்க நினைக்கவில்லை, ஆனால் கண் படித்துவிட்டது. யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: 'போவது உன் உரிமை. இங்கே யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாதே.' அதன் கீழே டார்சி எழுதிய பதில் இருந்தது: 'நன்றி. உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.'

நெவ், அடுத்தவன் குளித்துக்கொண்டிருக்கும் அறையைத் தெரியாமல் திறந்துவிட்டவர் மாதிரி கட்டைவிரலால் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார். டார்சி திரும்பி வந்தபோது அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ எதிர்பார்க்கிறவன் போல நின்றான்.

"நல்லா ஏறுதுடா சிக்னல்" என்றார் நெவ். "இனி உலகத்துல இருக்கிற பொண்ணுங்க எல்லாரையும் இங்கருந்தே பாக்கலாம்."

டார்சி சிரித்தான். நெவ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏதாவது கதையாக இருக்கும், வேறு யாருக்கோ நடந்ததாக இருக்கும், அடுத்தவன் போனைப் பார்த்ததே தப்பு. மனைவி க்ளெனிஸிடம்கூட அவர் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் முதல் மழை நன்றாகப் பெய்தது. ஊரே விதைக்கக் கிளம்பியது. டார்சியின் எந்திரம் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. வேலி ஓரமாகப் போகும்போதெல்லாம் நெவுக்குப் போனில் பார்த்த அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. இறங்கிப் போய் அவனிடம் கேட்டிருக்கலாம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். போனை எடுத்தார்.

ஒன்பது எந்திரங்கள் வந்தன. டராபூலில் அதுவரை அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை. பெண்கள் வேனில் பெரிய அடுப்பைக் கொண்டுவந்து முட்டையும் பன்றிக்கறியும் வறுத்து ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். டார்சி வாசலில் கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி நின்றான். ஒரு தடவை நெவிடம் வந்தான்.

"என் டிராக்டரையும் எடுக்கட்டுமா நெவ்? அந்தக் குட்டைப் பக்கம் மட்டும் நான் ஓட்டுறேன்."

"நீ உக்காருடா. எதுக்கு நாங்கல்லாம் வந்திருக்கோம்? ஒரு துரும்பையும் தொடக்கூடாது நீ."

"சும்மா நிக்கிறதுக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"அப்ப தின்னு" என்று நெவ் அவன் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தார்.

சாயங்காலத்துக்குள் முழு நிலமும் விதைத்தாகிவிட்டது. குட்டைப் பக்கத்தை நெவே ஓட்டினார். எல்லாரும் பீர் பாட்டிலோடு வேலியில் சாய்ந்து நின்றபோது டார்சி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னான். கடைசியில், "நான் இல்லாமலே எல்லாம் முடிஞ்சிருச்சே" என்றான்.

"பின்னே? நீ இருந்திருந்தா கோணல்மாணலா இல்ல போயிருக்கும்" என்றார் நெவ். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். போனில் பார்த்த அந்த விஷயத்தைத் தீர்த்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

நாலைந்து நாள் கழித்து டார்சி வந்தான். முடிவெட்டி, முகம் மழித்து, பார்க்கவே தெளிவாக இருந்தான். எப்போதோ இரவல் வாங்கிப் போன வெல்டிங் எந்திரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து இறக்கினான். மிட்ஜையும் இறக்கினான்.

"கொஞ்ச நாள் இது இங்க இருக்கட்டும் நெவ். நான் ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்குடா?"

"அப்படியே சுத்திட்டு வரலாம்னு." நாயின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியதும் மிட்ஜ் கேட்வரை ஓடி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

நெவ் உள்ளே வந்து உற்சாகமாகச் சொன்னார். "டார்சி தேறிட்டான் க்ளெனிஸ். மூஞ்சியே மாறிருச்சு. விதைச்சுக் குடுத்தது வேலை செஞ்சிருக்கு."

க்ளெனிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக நாயைப் பார்த்தாள். "அவன் கக்கூஸுக்குப் போனாக்கூட அந்த நாய் வாசல்ல நிக்கும். அதை எதுக்கு விட்டுட்டுப் போறான்?"

"ஊருக்குப் போறானாம்."

"எந்த ஊருக்கு?"

நெவ் ஜன்னல் பக்கம் திரும்பி நாயைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கிறேன், சொல்லு. இதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம்யா இப்படிக் கூட்டம் கூட்டி வேலை பண்ணிக் குடுத்தோம்?"

"ஆல்ஃப் ரீத்தஸுக்கு" என்று ஆரம்பித்தார் நெவ். "அப்புறம் கேத்தோட புருஷன் போனப்போ. அப்புறம் கொட்டகை தீப்பிடிச்சதே, அந்தப் பையன்…" அவர் நிறுத்திவிட்டார். சொன்ன எல்லாரும் செத்துப்போனவர்கள். எந்திரங்கள் போய் நின்றதெல்லாம் சாவு வீடுகளின் வாசலில்.

"அவன் உசுரோட நிக்கும்போதே அவன் காரியத்தைப் பண்ணிட்டு வந்திருக்கோம்" என்றாள் க்ளெனிஸ். "எனக்கும் தோணலையே. நானும் போய் முட்டை வறுத்தேனே."

அப்போதுதான் நெவ் போனில் பார்த்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல க்ளெனிஸின் முகம் வெளுத்தது.

"மார்ச்ல பாத்ததை இப்ப சொல்றியா?"

"அடுத்தவன் போனு… என்னன்னு கேக்கிறது?"

"சாகப் போறியான்னு கேக்கணும். அப்படியே கேக்கணும், அதே வார்த்தையில."

"நாமளா கேட்டு, அவன் மனசுல இல்லாததை நாமளே புகுத்திட்டா?"

"அதான் புகுத்தி வெச்சிருக்காங்களே, அந்தப் புண்ணியவானுங்க! இத்தனை நாள்ல அவங்களைத் தவிர எவன் கேட்டான் அவனை? எழுந்திரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். நீ போய் அவன் பக்கத்துல உக்காரு. என்ன சொன்னாலும் அவனைத் தனியா விட்டுட்டு வராதே."

வேலியைச் சுற்றிப் போகும் பாதை சின்னதுதான். அன்று அது முடியவே இல்லை. நெவ் வாழ்க்கையில் எந்த எந்திரத்துக்கும் பயந்தவரில்லை. இப்போது பயந்தார். வாசலில் டார்சியின் வண்டியைப் பார்த்ததும் சத்தமாக அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டார்சி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. போன் அவன் முன்னால் கிடந்தது.

"மழை வரும்போல இருக்கு" என்றார் நெவ்.

"ம்."

"வந்தா பயிருக்கு நல்லது."

"ம்."

நெவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டார்சி, நான் உன்னை ஒண்ணு கேக்கணும். நீ சாகலாம்னு நினைக்கிறியா?"

கேட்ட மாத்திரத்தில் அந்த வார்த்தையைத் திரும்பப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது அவருக்கு. டார்சி கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஆமா" என்றான்.

அப்புறம் அவனாகவே பேசினான். "இந்தப் போன்ல இருக்கிற கூட்டத்துல எந்நேரமும் யாராவது முழிச்சிருப்பாங்க நெவ். கேலி பண்ண மாட்டாங்க. நான் சொன்னதை எல்லாம் கேட்டாங்க. அதனால நல்லவங்கன்னு நினைச்சேன். போகப் போறேன்னு ஒருத்தன் சொன்னா வாழ்த்துச் சொல்வாங்க. இருக்கலாமான்னு யோசிக்கிறேன்னு ஒருத்தன் சொன்னா அவனைக் கோழைம்பாங்க. டாக்டர்கிட்ட போகாதே, புடிச்சு அடைச்சுருவாங்கம்பாங்க. நீங்க வந்து விதைச்ச அன்னைக்கு நான் அங்க எழுதினேன். 'பாத்தியா, நீ இல்லாமலே அவங்க சமாளிப்பாங்க, உனக்கு விடை குடுத்துட்டாங்க'ன்னு பதில் வந்துச்சு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. குட்டைப் பக்கம் மட்டுமாவது ஓட்டுறேன்னு கேட்டேனே நெவ். அங்க ஒருத்தன் இருக்கான், வியாழக்கிழமை நான் போறவரைக்கும் போன்ல என்கூடவே துணைக்கு இருக்கேன்னு சொல்லியிருக்கான்."

மறுநாள்தான் வியாழக்கிழமை.

"நான் பாவி டார்சி. அன்னைக்கு ஆன்டெனா மாட்டும்போது அந்தப் பக்கத்தைப் பாத்தேன். பாத்துட்டும் மூடிட்டேன். பொம்பளைங்க அது இதுன்னு உளறிட்டுப் போயிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ போனைக் கேப்பேன்னு தெரியும். ஆன்டெனா மாட்டுறப்போ எல்லார்கிட்டயும் கேப்பியே. அதனாலதான் அந்தப் பக்கத்தைத் திறந்து குடுத்தேன்."

நெவ் மேசைக்கு மேலே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் இருபது வருஷம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள். கைகுலுக்கியதைத் தவிர அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

க்ளெனிஸ் வந்து சேர்ந்தாள். அந்த வீட்டில் இருக்கக்கூடாதவை எவையோ அவற்றை டார்சியே காட்டினான். அவள் எடுத்துத் தன் வண்டியில் வைத்துப் பூட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நெவும் டார்சியும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே வரிசையில் காத்திருந்தபோது டார்சி இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போனான். இரண்டு தடவையும் நெவ் பின்னாலேயே போய், பக்கத்தில் நின்று, அவன் திரும்பியதும் கூடவே திரும்பி வந்தார். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்து அதே கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. நெவ் சுவரைப் பார்த்துக்கொண்டார். இவ்வளவுதானே, இதை மார்ச்சிலேயே கேட்டிருக்கலாமே என்று அவருக்கு ஆறவில்லை.

டார்சி சில வாரம் அங்கே இருந்தான். திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை அவனைத் தூங்குமூஞ்சியாக்கியது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டரம்மா போனில் பேசினாள். சிமோன் பெண்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள், மிட்ஜ் அந்தப் பெண்களைக் கீழே தள்ளி நக்கியது. சில நாள் அவன் கதவையே திறக்க மாட்டான். அன்றைக்கு நெவ் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே கேட்கும்படி கேட்பார், "டார்சி, இன்னைக்கு அந்த நினைப்பு இருக்கா?" ஊர்க்காரன் எவன் காதிலாவது விழுந்தால் நெவுக்குப் பைத்தியம் என்பான். உள்ளேயிருந்து பதில் வரும். சில நாள் இல்லை என்று வரும். ஆமா என்று வருகிற நாள் அவர் க்ளெனிஸைக் கூப்பிட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவார்.

ஒன்பது எந்திரங்கள் விதைத்த கோதுமை ஒரே சீராக முளைத்து முழங்கால் உயரம் வந்தது. ஊரே பாராட்டியது. நெவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவருடைய மேட்டு நிலம் ஒன்று விதைக்காமல் கிடந்தது. பருவம் தப்பிவிட்டது, இனி போட்டால் பாதிகூட விளையாது. ஒரு காலை அவர் டார்சி வீட்டுக்குப் போனார்.

"எனக்கு முதுகு வலி. மேட்டு நிலத்தை நீ வந்து ஓட்டிக் குடு."

"பொய் சொல்றே."

"ஆமா. வருவியா, மாட்டியா?"

டார்சி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நெவ் பக்கத்துச் சின்ன சீட்டில் மடங்கி உட்கார்ந்தார், மிட்ஜ் அவர் காலடியில் படுத்தது. தானாக ஓட வைக்கும் கருவியை டார்சி அணைத்துவிட்டுத் தானே ஓட்டினான். வரிசை கோணலாகத்தான் போயிற்று.

நாலாவது வரிசையில் போன் ஒலித்தது. டார்சி எடுத்துப் பார்த்தான். அவன் தாடை இறுகியது. போனைத் திரை மேலே தெரியும்படி இருவருக்கும் நடுவில் வைத்தான்.

நெவின் கண்கள் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போயின. அவர் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். வியாழக்கிழமைக்காரன்தான். புது எண்ணிலிருந்து எழுதியிருந்தான்: 'இன்னும் இருக்கிறாயா? நீ சொன்ன சொல் என்ன ஆயிற்று?' நெவ் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார்.

"இதைப் பாத்ததும் உனக்கு என்னடா தோணுச்சு?"

"உன்கிட்ட காட்டணும்னு தோணுச்சு" என்றான் டார்சி. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னான், "மார்ச்லயும் அதான் தோணுச்சு."

நெவ் எட்டிச் சாவியைத் திருப்பி டிராக்டரை நிறுத்தினார். "சொல்லு" என்றார்.